அக்காவின் இலையில் வைக்க வேண்டியது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பெரியப்பா என்னிடம் சொன்னார். அவர் எங்கள் அப்பாவின் அண்ணன். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். என்னென்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

“அடக்கம், சிக்கனம், பக்தி. வெளியில ஒரு வாய் தண்ணி குடிக்காத பொண்ணுன்னு போடு. தங்கச்சிக்காகக் கல்யாணமே வேணாம்னு இருந்துச்சு, அதுவும் வந்துடணும். படிச்ச புள்ள நீ, உனக்குச் சொல்லணுமா.”

“சரிங்க பெரியப்பா” என்றேன். யார் எதைச் சொன்னாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் யோசிப்பது என் வழக்கம். அவர் சொன்னபடியே எழுதியும் பார்த்தேன். படித்தால் யாரோ ஒரு பெண்ணைப் பற்றியதாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வாயே இல்லை. எங்கள் அக்காவுக்கு வாய் இருந்தது. அந்த வாயால் ருசித்துச் சாப்பிட்டார், சத்தமாகச் சிரித்தார், உறவில் பலரிடம் கெட்ட பெயரும் வாங்கினார். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நினைவு மலரில் கோபத்தோடு எழுதலாமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. எழுதாமல் விட்டால் மட்டும் என்ன தெளிவு வந்துவிடப் போகிறது?

அக்கா வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குறுவையும் சம்பாவும் போட்டவர். அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் இறந்தார். நான் அப்போது சிலேட்டுப் பிடிக்கும் வயதில் இருந்தேன். அக்கா மீதிப் படிப்பை அஞ்சல் வழியில் முடித்துக்கொண்டு, வலங்கைமானில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசிவரை அங்கேதான் இருந்தார். ஒரு நாள்கூட வகுப்பெடுத்தவர் இல்லை. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். ஏன் திருத்திச் சொல்வதில்லை என்று கேட்டேன். “ஒவ்வொருத்தரையா திருத்திக்கிட்டே போனா நெசமாவே டீச்சராயிடுவேன்டி” என்றார்.

கல்யாணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தங்கைக்காகத் தன் வாழ்க்கையைத் தியாகம் செய்தவர் என்று எனக்கு முன்னாலேயே பலர் சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு வருடக்கணக்கில் நான் குன்றிப் போயிருந்தேன். என் மகள் பிறந்த பிறகு ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

“தியாகமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. பாக்க வந்த எவனையும் எனக்குப் புடிக்கல. ஒருத்தன் நல்லா இருந்தான். அவனுக்கு என்னையப் புடிக்கல. அதோட விட்டாச்சு.”

இதை அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன். “அதெல்லாம் மலர்ல போட முடியுமா” என்றார். முடியும். போட்டிருக்கிறேன்.

அக்காவின் தோட்டத்தைப் பற்றி இந்த மலரை வாங்கியிருக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை. அதன் காயைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். நம் பகுதியில் பஸ் ஏறினால் இறங்கும்வரை இரண்டு பக்கமும் பச்சைதான். ஆனால் சாம்பாரில் போடுகிற காய் வேறு மாவட்டத்திலிருந்து லாரியில் வருகிறது. நெல்லைத் தவிர எதையும் நாம் பயிர் என்று மதிப்பதில்லை. அக்காவுக்கு இது பெரிய எரிச்சல். “ஊருக்கே சோறு போடுறோம்னு பேசிக்கிறது. வாடிப்போன வெண்டைக்காயத் தின்னுட்டுப் பேசுறது” என்பார்.

எங்கள் வீட்டுக் கொல்லை களிமண். ஐப்பசி மழையில் தண்ணீர் நின்றால் செடியின் வேர் அழுகிவிடும். வாய்க்கால் தூர் வாரும்போது கரையில் எடுத்துப் போடும் வண்டலை அக்கா கூடை கூடையாக அள்ளி வந்தார். பாத்திகளை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி, நடுவில் தண்ணீர் வடிய வழி வெட்டினார். பந்தலில் புடலையும் பீர்க்கனும், மேட்டுப் பாத்தியில் கத்திரியும் கொத்தவரையும் வெண்டையும், ஈரம் நிற்கும் ஓரத்தில் பொன்னாங்கண்ணியும் வளர்ந்தன. எந்தப் பாத்தியிலும் பூச்சி மருந்து அடித்ததில்லை. பூச்சி தின்றது போக மீதி நமக்கு என்பது அவர் கணக்கு. பூச்சியைவிட அதிகமாகத் தின்றவர்கள் உறவினர்கள். வருகிறவர்கள் எல்லோரும் பை நிறையக் காய் கொண்டு போனீர்கள். அந்தப் பைகளில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அக்கா அதற்காகக் கோபப்பட்டதில்லை. நான் படுகிறேன்.

இனி சனிக்கிழமைகளுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் வரக்கூடாது என்று பெரியப்பா நினைத்தது இதைத்தான்.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். முடிந்ததும் அக்கா கும்பகோணம் பஸ் ஏறிவிடுவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர் சின்ன மெஸ் நடத்துகிறார். அவர் ஊரிலிருந்து காலையில் வரும் மீனை மதியத்துக்குள் சமைத்து முடித்துவிடுவார். அக்கா அவரைப் பாய் என்பார். அவர் அக்காவை டீச்சர் என்பார். முதன்முறை அங்கே சாப்பிட்டபோது, மீனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு அக்கா இப்படிக் கேட்டாராம்:

“மீன் உசுரோட இருக்கு பாய். கத்திரிக்காய்தான் செத்துப் போச்சு. எங்கேருந்து வாங்குறீங்க?”

“மார்க்கெட்டுல இதான் டீச்சர் கெடைக்குது. நல்ல காய் இருந்தா நீங்க கொண்டாங்களேன்.”

விளையாட்டுக்குச் சொன்னார். அக்கா அடுத்த சனிக்கிழமை துணிப்பை நிறையக் கத்திரிக்காயோடு போய் நின்றார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் பறித்த காயைப் பள்ளிக்கே எடுத்துப் போவார். மதியம் அதைப் பாயிடம் கொடுப்பார். அவர் அதைப் போட்டு மீன் ஆணம் வைத்துத் தருவார். ஆணம் என்றால் அவர்கள் வீட்டில் குழம்பு. மின்விசிறிக்குக் கீழே, சுவரோரமாக இருந்த மேசையில் அக்கா தனியாக உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவார்.

இதுதான் அவர் செய்த குற்றம்.

“வீட்டுல சோறு இல்லாத மாதிரி ஒத்தையாப் போயி ஓட்டல்ல திங்குது” என்று பேசினார்கள். “அதுவும் பாய் கடையில” என்று சேர்த்துக்கொண்டார்கள். ஒரு ஆண் சனிக்கிழமைதோறும் போய் மீன் சாப்பிட்டிருந்தால் யாருக்காவது கண்ணில் பட்டிருக்குமா?

எனக்கும் முதலில் புரியவில்லை. ஒரு முறை என்னையும் என் மகளையும் அக்கா அங்கே கூட்டிப் போனார். மகளுக்கு அப்போது இரண்டு வயதுதான். நான் வீட்டிலிருந்தே வெந்நீர் பாட்டில், கிண்ணம், கரண்டி எல்லாம் கொண்டு போயிருந்தேன். மேசையைத் துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தேன். எண்ணெய் எப்படி இருக்குமோ, காரம் ஒத்துக்கொள்ளுமோ என்று ஒரே யோசனை. பாய் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்தார். “பாப்பாவுக்குக் காரம் போடுறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சுட்டேன்மா” என்றார். அப்போதும் நான் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னடி, லேப் ரிப்போர்ட் வந்தாத்தான் குடுப்பியா?” என்று கேட்டுவிட்டு அக்கா சோற்றைப் பிசைந்து, கத்திரிக்காயை மசித்து, முள் பார்த்து மீனைக் கிள்ளி வைத்து ஊட்டினார். வீட்டில் கத்திரிக்காயைக் கண்டாலே உதட்டை மூடிக்கொள்ளும் பிள்ளை, வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்: “இதே காய்தானேக்கா நம்ம வீட்டுலயும் இருக்கு. இவ்வளவு தூரம் வரணுமா?”

“நட்டது நான். தண்ணி ஊத்துனது நான். பறிச்சது, நறுக்குனது, ஆக்குனது, எல்லாருக்கும் போட்டது நான். அதே காய, வாரத்துல ஒரு நாளு நான் உக்காந்து திங்கணும். இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு ஒருத்தரு என்னையக் கேக்கணும். இதுக்கு மேல ஒண்ணும் இல்லடி.”

எங்கள் வீட்டில் அக்காவிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்கிறோமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய மார்கழியில் அக்காவுக்கு வயிற்றில் நோய் என்று தெரிந்தது. தஞ்சாவூரில் மருத்துவமனையில் சேர்த்தோம். பார்க்க வந்தவர்களில் பலர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, வெளியில் சாப்பிட்டதால் வந்தது என்று பேசினீர்கள். அவருக்கு வயிற்றில்தான் நோய், காதில் இல்லை. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். எனக்கே சந்தேகம் வந்து மருத்துவரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் இல்லை என்றார். மறுநாளும் கேட்டேன். “நேத்தே சொன்னேனேம்மா” என்றார். என் பெரியம்மா மட்டும் விடவில்லை. “வாயக் கட்டியிருந்தா இப்படி வந்திருக்குமா” என்றார். அக்கா கண்ணைத் திறக்காமலே, “நீங்க கொஞ்ச நேரம் கட்டுங்க பெரியம்மா, பாப்போம்” என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார்.

கடைசி வாரங்களில் அவரால் எதையும் விழுங்க முடியவில்லை. நான் போகும்போதெல்லாம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். ஏதோ சாப்பிட்டேன் என்பேன். “ஏதோன்னு ஒரு சாப்பாடு உண்டா? என்னன்னு சொல்லு” என்று எரிந்து விழுவார். அதனால் நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். உப்பு சரியாக இருந்ததா என்று கேட்பார். ஒரு விடியற்காலையில், அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் உயிர் பிரிந்தது. நாற்பத்து மூன்று வயது.

இது வரைக்கும் எழுதியதை நான் இவ்வளவு கோபத்தோடு எழுதியிருக்க மாட்டேன். மனிதர்கள் பேசுவார்கள், போவார்கள். கோபம் வந்தது சென்ற மாதம்.

வருடம் திரும்புகிறது, படையலுக்கு என்ன செய்வது என்று பேச பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்பது நம் வழக்கம். அப்பாவின் படையலில் வெற்றிலையோடு சுருட்டும் வைப்போம். ஆனால் அக்காவுக்கு அப்படி இல்லையாம்.

“கல்யாணமாகாம போன பொண்ணு. கன்னிக்குப் படைக்கிற மாதிரிதான் படைக்கணும்” என்றார் பெரியம்மா. “சர்க்கரைப் பொங்கல், அவல், வெல்லம், பழம். சின்னதா ஒரு பாவாடை சட்டை, வளையலு, ரிப்பன். நம்ம பாப்பாவுக்கு அந்தப் பாவாடையக் கட்டிவிட்டு, அவளையே இலையில உக்கார வச்சு ஊட்டிடலாம். கன்னி மனசு குளிர்ந்துடும்.”

எங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் இறந்துபோன பெண் குழந்தைகளுக்கு இப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போன, மூக்குக் கண்ணாடி போட்ட, முன்மயிர் நரைத்த என் அக்காவுக்கா? இனிப்பென்றால் முகத்தைச் சுளிப்பவருக்கு வெல்லமா?

“அக்காவுக்கு இனிப்புப் புடிக்காதே பெரியம்மா” என்று மட்டும்தான் அன்று எனக்குச் சொல்ல வந்தது.

“அது உசுரோட இருந்தப்ப. இப்ப அது கன்னி. குளிர வைக்கலேன்னா கோவம் யாரு மேல எறங்கும்? வீட்டுல இருக்குற பொம்பளப் புள்ள மேலதான். உனக்கும் ஒண்ணு இருக்கு, ஞாபகம் வச்சுக்க.”

மறுநாள் காலையில் என் மகளுக்குக் காய்ச்சல்.

ஒரு தாயாக அந்த நேரத்தில் நான் எப்படி இருந்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை. அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் வைத்தார். திருச்சியில் வேலையாக இருந்த என் கணவருக்குப் போன் செய்தேன். “நீ எது செஞ்சாலும் சரிதான். ஆனா பாப்பா விஷயம், யோசிச்சுக்க” என்றார். எதற்கும் உதவாத பதில். பெரியம்மாவிடம் போய், அப்படியே செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மருத்துவர் கொடுத்த சிரப்பில் சில நாளில் காய்ச்சல் விட்டது. படையலுக்கு ஒப்புக்கொண்டதால் விட்டது என்றார் பெரியம்மா. நான் அதற்கும் தலையாட்டினேன்.

பாவாடை வாங்கும் வேலை எனக்கு வந்தது. கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் போய், பாவாடை சட்டை வேண்டும் என்றேன்.

“எத்தனை வயசுப் பாப்பாவுக்குக்கா?” என்று கேட்டாள் கடைப் பெண்.

“நாப்பத்தி மூணு” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவளும் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. பிறகு, ஏழெட்டு வயது அளவு போதும் என்றேன். ஜிகினா வைத்த ரோஸ் நிறப் பாவாடை ஒன்றை விரித்துக் காட்டினாள். சட்டையின் கையைத் தூக்கிப் பார்த்தேன். என் நாலு விரல் போகிற அளவுக்கு இருந்தது. வண்டல் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையேறி வந்த அக்காவின் கை எனக்குத் தெரியும். அந்தக் கையை இதற்குள் நுழைக்கப் பார்க்கிறோம். அவர் சம்பாதித்தது, சாப்பிட்டது, சிரித்தது, பதிலுக்குப் பதில் பேசியது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வாயைத் திறந்து வெல்லம் வாங்கிக்கொள்ளும் பொம்மையாக மாற்றி மாடத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறோம். கல்யாணம் ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக.

துணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பசித்தது. பாய் மெஸ்ஸுக்குப் போனேன். அக்கா போன பிறகு நான் அங்கே போகவில்லை. என்னை அடையாளம் தெரிந்ததும் அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

“டீச்சரோட தங்கச்சிதானேம்மா. உக்காருங்க. வருசம் திரும்புதுல்ல?”

படையலைப் பற்றிச் சொன்னேன். எதற்காக அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

“உங்க பக்கத்து மொறை எனக்குத் தெரியாதும்மா. அதுல நான் வாயக் குடுக்கக் கூடாது” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “பெருநாளைக்கு ஒரு தடவ பாயாசம் வச்சேன் டீச்சருக்கு. இலைய மடிக்கவா, இல்ல இத எடுத்துக்கிறீங்களா பாய்னு கேட்டாங்க” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. ஓராண்டில் அக்காவைப் பற்றிப் பேசி நான் சிரித்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும், கன்னிப் படையல் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். பெரியம்மாவுக்குத் தகவல் போய்ச் சேர்ந்து, பெரியப்பாவோடு வந்துவிட்டார்.

“புள்ள காச்சல்ல படுத்ததைப் பாத்துட்டுமா உனக்கு இந்த வீம்பு? நாளைக்கு ஒண்ணுன்னா எங்க போயி அழுவ?”

இந்த முறை கேட்டுவிட்டேன்.

“பெரியம்மா, இந்தப் புள்ளைக்கு முள்ளு பாத்துப் பாத்து மீன் ஊட்டினது யாரு? அந்தக் கை இவளைப் புடிச்சு ஆட்டுமா? ஓட்டல்ல தின்னுச்சுன்னு சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். தின்னதாலதான் செத்துச்சுன்னு சொன்னீங்க, அதையும் கேட்டுக்கிட்டேன். எங்க அக்காவப் புள்ளையப் புடிக்கிற பேயின்னு சொன்னா நான் கேக்க மாட்டேன்.”

“நான் எப்படி பேயின்னு சொன்னேன்?” என்றார் பெரியம்மா.

“வேற என்ன சொன்னீங்க?”

பெரியப்பா தொண்டையைச் செருமினார். “சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கும்மா” என்று ஆரம்பித்தார். அம்மா எழுந்து போய், மாடத்திலிருந்த மஞ்சள் முடிச்சை எடுத்து வந்தார். எல்லோருக்கும் முன்னால் அதை அவிழ்த்து, காசை என் மகள் கையில் கொடுத்தார்.

“எம் பொண்ணு யாரையும் புடிக்க மாட்டா” என்றார் பெரியம்மாவிடம். பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். “கொல்லையில கத்திரிக்கா காச்சுக் கெடக்கு. அதையே வச்சுப் படைச்சுடலாம். இவ எழுதுறத எழுதுறபடியே அச்சடிச்சுக் குடுங்க.”

பெரியம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அம்மா சொன்னால் பெரியப்பாவால் மறுக்க முடியாது. அதனால்தான் இது உங்கள் கையில் இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூருக்கும் ஊருக்கும் அலைந்த நாள்களில் வண்டி ஏற்பாடு செய்து, மருத்துவமனை வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர் பெரியப்பாதான். நான் அக்காவோடு இருந்தபோது என் மகளைக் குளிப்பாட்டி, தலை சீவி, தூங்க வைத்தவர் பெரியம்மாதான். இரண்டையும் மறக்க மாட்டேன். என் கோபமும் குறையவில்லை, இந்த நன்றியும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் இப்படி எழுதியிருக்கிறேன். இரத்தம் கொடுத்த பள்ளி ஊழியர்களுக்கும், அக்காவின் பேச்சுக்குச் சிரித்த அந்த நர்ஸுக்கும், தோட்டம் காயாமல் இத்தனை மாதமும் தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டாருக்கும், மீனைத் தானே சமைத்து எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கும் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று மதியம் படையல். இலையில் கத்திரிக்காய் போட்ட கொடுவா மீன் ஆணம், கொத்தவரங்காய்ப் பொரியல், பொன்னாங்கண்ணிக் கீரை, சோறு. இனிப்பு இல்லை. யாரும் கேட்க வேண்டாம். சாப்பிட வருகிறவர்களுக்கும் இதேதான்.

படைத்த இலையில் என் மகள் உட்கார மாட்டாள். நான் உட்காருகிறேன். கோபம் இறங்க வேண்டுமென்றால் என் மேல் இறங்கட்டும். எனக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பயந்துகொண்டேதான் உட்காருவேன். ஆனால் வயிறு நிறையச் சாப்பிடுவேன்.